அதிகம் அழுத ஊர் எது? பெங்களூரு வரிசையை விட்டுப் போயாச்சு, அடுத்து யார்?

ஐந்துரோடு | 15 ஜூன் 2025, காலை 7.10

ஜூன் 3 ராத்திரி ஆர்சிபி கப்பைத் தூக்கிட்டாங்க. நேத்து லார்ட்ஸ்ல தென்னாப்பிரிக்கா டெஸ்ட் சாம்பியன். மார்ச்சில் இங்கிலாந்து புட்பால் டீம் நியூகாசில் லீக் கோப்பையை வாங்கி, 1955லிருந்து தேங்கிக் கிடந்த உள்நாட்டுக் கணக்கைத் தீர்த்துட்டாங்க. ஊர் உலகமே கேலி பண்ணின மூணு பேரும் ஒரே அரையாண்டில் கரையேறியாச்சு. மிச்சம் இருக்கிறதில் ரசிகனை அதிகம் அழ வெச்ச ஊர் எது? நாடு வேண்டாம், ஊர் மட்டும். என் ஓட்டு கிளீவ்லாந்துக்கு. என்னை மாத்துறவங்களுக்கு ஒரு தட்டுவடை செட்.

கணக்குப்பிள்ளை | 15 ஜூன் 2025, காலை 8.02

கிளீவ்லாந்து 2016 ஜூன் 19லேயே வரிசையை விட்டுப் போயிடுச்சுங்க. 1964ல் அந்த ஊர் அமெரிக்க புட்பால் டீம் பிரவுன்ஸ் ஜெயிச்சதுக்கு அப்புறம் 52 வருசம் ஒண்ணுமில்லை. பிறகு பாஸ்கெட்பால் டீம் கேவலியர்ஸ், ஏழு ஆட்டத் தொடரா நடக்கிற பைனல்ல 3-1 பின்தங்கி, ஏழாவது ஆட்டத்தில் 93-89னு கோல்டன் ஸ்டேட்டைச் சாய்ச்சாங்க.

ஆனா ஒண்ணு. தோல்விக்குப் பேர் வெச்சுக் கூப்பிடுற ஊர் அது. தி டிரைவ்: 1987 ஜனவரி, டென்வரோட எல்வே கடைசி நிமிசங்களில் 98 கெஜம் ஓட்டிக்கிட்டு வந்து சமன் பண்ணினது. தி ஃபம்பிள்: அடுத்த வருசம், அதே டென்வர், கோட்டுக்குப் பக்கத்தில் பைனர் பந்தை நழுவ விட்டது. தி ஷாட்: 1989 மே, சிகாகோவோட ஜோர்டான் கடைசி வினாடியில் கூடையில் போட்டுக் கேவலியர்ஸை வெளிய அனுப்பினது. தி மூவ்: 1995ல் பிரவுன்ஸ் முதலாளி டீமையே பால்டிமோருக்குத் தூக்கிட்டுப் போறேன்னு சொன்னது. அங்கே போன டீம் அஞ்சே சீசனில் சூப்பர் பௌல்ங்கிற அந்த லீக் பைனலை ஜெயிச்சது.

சங்ககிரி லாரி | 15 ஜூன் 2025, காலை 8.15

நம்ம ஊர்ல புயலுக்கு வைக்கிற மாதிரி அவங்க தோல்விக்குப் பேர் வைக்கிறாங்க போல. நாங்க ஆர்சிபிக்காரங்க ஒரே பேர்ல 17 வருசம் ஓட்டினோம். ஈ சாலா கப் நம்தே, இந்த வருசம் கப் நமக்குத்தான்னு கன்னடத்தில்.

ஐந்துரோடு | 15 ஜூன் 2025, காலை 8.20

கிளீவ்லாந்தில் பேஸ்பால் கணக்கு இன்னும் மூடலையே. 1948க்கு அப்புறம் அந்தக் கோப்பை இல்லை. 1997ல் ஏழாவது ஆட்டம், 11வது இன்னிங்ஸில் போச்சு. 2016ல் 3-1 முன்னிலையில் இருந்து, ஏழாவது ஆட்டத்தின் 10வது இன்னிங்ஸில் போச்சு. ஜூன் மாசம் இவங்க அடுத்தவனுக்குப் பண்ணினதை நவம்பரில் சிகாகோ கப்ஸ் இவங்களுக்கே திருப்பிப் பண்ணிட்டாங்க.

கணக்குப்பிள்ளை | 15 ஜூன் 2025, இரவு 10.45

வருசத்தை மட்டும் எண்ணினா தப்பாத்தான் வரும். 30 டீம் ஆடுற லீகில் 20 வருசம் கப் இல்லாம இருக்கிறது இயல்பு. 8 டீம் ஆடுற இடத்தில் 20 வருசம் இல்லைன்னா ஏதோ கோளாறு. அதுக்கு ஒரு சின்னக் கணக்கு:

ஒரு சீசனில் N டீம் ஆடினா, எல்லாரும் சமபலம்னு வெச்சுக்கிட்டா, ஜெயிக்காம போற வாய்ப்பு 1 - 1/N. ஒவ்வொரு சீசனுக்கும் அதைப் பெருக்கிக்கிட்டே வாங்க. கடைசியில் வர்ற எண் எவ்வளவு சின்னதோ, விதி அவ்வளவு வஞ்சம் பண்ணியிருக்குன்னு அர்த்தம்.

ஆர்சிபி 2008 முதல் 2024 வரை 17 சீசன். 8 டீம்னா 7/8ஐ 17 தடவை பெருக்கணும். 0.103 வருது. நூறில் பத்து. இதுக்கா இவ்வளவு மீம்?

சிகாகோ கப்ஸுக்கும் போட்டேன். 1908ல் ஜெயிச்சவங்க அடுத்து ஜெயிச்சது 2016ல். 1960 வரை 16 டீம், அப்புறம் 18, 20, 24, 26, 28, 30. வேலைநிறுத்தத்தால் உலகத் தொடரே, அதாவது பேஸ்பால் பைனலே, நடக்காத 1994ஐ எடுத்துட்டா 106 சீசன். விடை 0.004. ஆயிரத்தில் நாலு. இதுக்குப் பேர்தான் வறட்சி.

வாழப்பாடி எண்ட் | 15 ஜூன் 2025, இரவு 11.20

பிள்ளை, ஐபிஎல்லில் எல்லா வருசமும் 8 டீம் இல்லை. 2011ல் 10. 2012, 2013ல் 9. 2022லிருந்து திரும்ப 10.

கணக்குப்பிள்ளை | 15 ஜூன் 2025, இரவு 11.41

சரிதான், தப்பு என்மேல. 8 டீம் வருசம் 11, 9 டீம் வருசம் 2, 10 டீம் வருசம் 4. திருத்தின விடை 0.119. நூறில் பன்னிரண்டு. லாரிக்காரரோட துக்கம் இன்னும் கொஞ்சம் குறைஞ்சிடுச்சு.

சங்ககிரி லாரி | 16 ஜூன் 2025, காலை 6.05

கால்குலேட்டர்ல 49 ஆல் அவுட்டுக்குப் பொத்தான் இருக்கா பாருங்க. 2017 ஏப்ரல் 23, ஈடன். எதிர்ல கொல்கத்தா அடிச்சதே 131தான். கெய்ல், கோலி, டிவில்லியர்ஸ் மூணு பேரும் இருந்த டீம், ஒருத்தர்கூட ரெண்டு இலக்கம் தொடலை.

அப்புறம் பைனல். 2009ல் 6 ரன்ல, 2011ல் 58 ரன்ல, 2016ல் சொந்த சின்னசாமியில் 8 ரன்ல. அந்த 2016ல் 209ஐத் துரத்தி முதல் விக்கெட்டுக்கு 114 போட்டுட்டுத் தோத்தது. கப் கிடைக்காததில் என்ன இருக்கு, ஊர்ல முக்காவாசிப் பேருக்குக் கிடைக்காது. கையில வெச்சுப் பார்த்துட்டு கீழ போடுறதுதான் கொடுமை.

ஏற்காட்டுக் குளிர் | 16 ஜூன் 2025, காலை 9.30

லாரிக்காரர் சொல்றதுதான் விசயம். சும்மா கிடைக்காததை விடுங்க, பைனல் வரைக்கும் வந்து தோத்ததை எண்ணுங்க.

அப்படிப் பார்த்தா பஃபலோ. 1991 ஜனவரியிலிருந்து 1994 ஜனவரி வரை நாலு சூப்பர் பௌல், வரிசையா நாலும் தோல்வி. முதலாவது 20-19. 8 வினாடி மிச்சம், 47 கெஜத்திலிருந்து நார்வுட் உதைச்ச பந்து வலது கம்பத்துக்கு வெளிய போச்சு. அடுத்த மூணும் அவ்வளவு நெருக்கம்கூட இல்லை: 37-24, 52-17, 30-13. அதே ஊர் ஐஸ் ஹாக்கி டீம் 1999 பைனல்ல மூணாவது கூடுதல் நேரத்தில் தோத்தது. அடிச்சவர் கால் கோல்காரரோட கட்டத்துக்குள்ள இருந்ததுன்னு இன்னிக்கும் அங்கே சண்டை.

கணக்குப்பிள்ளை | 16 ஜூன் 2025, பிற்பகல் 1.15

அப்போ ரெண்டாவது எண் ஒண்ணு வெச்சுக்குவோம். தோத்த ஒவ்வொரு பைனலுக்கும் ஒரு பாதி (1/2), எல்லாத்தையும் பெருக்கணும். பஃபலோ புட்பால் நாலு: 1/16. ஆர்சிபி மூணு: 1/8. முதல் எண் 'வறட்சி', ரெண்டாவது 'நழுவல்'.

ஆனா ரெண்டையும் சேர்த்துப் பெருக்கிடாதீங்க. பைனல்ல தோத்த வருசம் வறட்சிக் கணக்கிலும் ஏற்கெனவே இருக்கு. ஒரே சாவுக்கு ரெண்டு தடவை ஒப்பாரி வெச்ச கதையாயிடும்.

அம்மாப்பேட்டைத் தறி | 16 ஜூன் 2025, இரவு 8.50

அமெரிக்கா வரைக்கும் போறீங்க. சேப்பாக்கத்தை ஒருத்தரும் தொடலை.

தமிழ்நாடு ரஞ்சி கோப்பை வாங்கினது ரெண்டே தடவை. 1954-55, 1987-88. அதுக்கு அப்புறம் போன பைனல்: 1991-92 டில்லிகிட்ட, 1995-96 கர்நாடகாகிட்ட, 2002-03 மும்பைகிட்ட, 2003-04 திரும்ப மும்பைகிட்ட, 2011-12 ராஜஸ்தான்கிட்ட, 2014-15 திரும்ப கர்நாடகாகிட்ட. ஆறுக்கு ஆறு. பிள்ளையோட கணக்குப்படி 1/64. பஃபலோவெல்லாம் பக்கத்தில் வர முடியாது.

இதுல மூணு பைனல் சேப்பாக்கத்திலேயே நடந்தது: 1995-96, 2003-04, 2011-12. மூணும் டிரா. ஆமாங்க, சொந்த மண்ணில் ஒண்ணுலகூட ஆட்டத்தைத் தோக்கலை, கோப்பையை மட்டும் தோத்தோம். ரஞ்சியில் டிரா ஆனா முதல் இன்னிங்ஸில் முன்னிலை எடுத்தவனுக்குத்தான் கோப்பை. பைனலுக்குன்னு தட்டையா ஒரு ஆடுகளம் போட்டா, டாஸ் ஜெயிச்சவன் ரெண்டு நாளைக்கு மேல நின்னு அடிப்பான். 2011-12ல் ராஜஸ்தான் 621. அதுல வினீத் சக்ஸேனா ஒருத்தரே 257. அதைத் தாண்டலைன்னா கதை அங்கேயே முடிஞ்சிடுச்சு. ஆனா அஞ்சாம் நாள் வரைக்கும் பந்து போடணும், ஃபீல்டிங் நிக்கணும், கைதட்டணும். பொணத்தை நடுக்கூடத்தில் வெச்சுக்கிட்டு வெளியூர் சொந்தத்துக்காகக் காத்திருக்கிற மாதிரி.

ஐந்துரோடு | 16 ஜூன் 2025, இரவு 9.05

அண்ணே, அது மாநிலம். ஊர்னு சொன்னேன்.

அம்மாப்பேட்டைத் தறி | 16 ஜூன் 2025, இரவு 9.22

மாநிலம்னா சேலத்துக்கும் அதுல பங்கு இருக்கே தம்பி. ஊர்க்கணக்கில்தான் வேணும்னா சேப்பாக்கம்னு எழுதிக்க. 1972-73 பைனலும் அங்கேதான். பம்பாய் 151, 113. தமிழ்நாடு 80, 61. சிவால்கர் 8க்கு 16, அப்புறம் 5க்கு 18. மூணாம் நாள் முதல் பந்திலேயே ஆட்டம் முடிஞ்சது. அன்னிக்கு டிக்கெட் வாங்கி உள்ள போனவன் பார்த்தது ஒரே பந்து.

வாழப்பாடி எண்ட் | 16 ஜூன் 2025, இரவு 10.10

சேப்பாக்கம்னா 1987 அக்டோபர் 9ஐயும் சேர்க்கணும். உலகக் கோப்பை, ஆஸ்திரேலியாகிட்ட 1 ரன்ல தோல்வி. டீன் ஜோன்ஸ் தூக்கி அடிச்ச பந்துக்கு நடுவர் கொடுத்தது 4. இன்னிங்ஸ் முடிஞ்சதும் ஆஸ்திரேலியத் தரப்பு போய்க் கேட்டுச்சு. இடைவேளையில் அது 6 ஆச்சு, 268 என்பது 270 ஆச்சு, கபிலும் ஒத்துக்கிட்டார். இந்தியா 2 விக்கெட்டுக்கு 207ல் இருந்து 269க்கு ஆல் அவுட். மணிந்தர் சிங் போல்ட் ஆனப்போ இன்னும் ஒரு பந்து மிச்சம். பலகையில் ஒட்டின அந்த ரெண்டு ரன்தான் வித்தியாசம்.

அப்புறம் 1999 ஜனவரி 31, அதே சேப்பாக்கத்தில் டெஸ்ட். பாகிஸ்தான் கொடுத்த இலக்கு 271. டெண்டுல்கர் 136ல் அவுட் ஆனப்போ 254. வேணும்ங்கிறது 17, கையில 3 விக்கெட். வந்தது 4 ரன். அதுக்கு அப்புறம் அந்தக் கூட்டம் எழுந்து நின்னு பாகிஸ்தானுக்குக் கைதட்டினதை உலகமே பாராட்டுது. அந்தக் கைதட்டலுக்கு எந்தக் கட்டம் போடுவார் பிள்ளை?

சங்ககிரி லாரி | 16 ஜூன் 2025, இரவு 10.18

சென்னைக்காரன் அஞ்சு கப் வெச்சிருக்கான். அவன் அழுதா அது ஆனந்தக் கண்ணீர். அடுத்த ஊரைச் சொல்லுங்க.

ஏற்காட்டுக் குளிர் | 17 ஜூன் 2025, காலை 7.45

கொச்சி. இதை எப்படி எல்லாரும் விட்டீங்கன்னு தெரியலை.

ஐபிஎல்லில் கொச்சி டஸ்கர்ஸ் ஆடினது ஒரே சீசன், 2011. அத்தோட டீமையே கலைச்சாச்சு. அப்புறம் புட்பால் டீம் கேரளா பிளாஸ்டர்ஸ். இந்திய புட்பால் லீகான ஐஎஸ்எல்லில் பைனல் மூணு, மூணும் போச்சு. எப்படிப் போச்சுன்னு பாருங்க. 2014ல் இஞ்சுரி டைமில் முகமது ரஃபீக் அடிச்ச ஒத்தை கோல். 2016ல் கொச்சி நேரு ஸ்டேடியத்திலேயே பெனால்டியில் 4-3. ரெண்டும் அதே கொல்கத்தாகிட்ட. 2022ல் ஹைதராபாத்கிட்ட திரும்பப் பெனால்டி, 3-1. அதுல கோல்காரர் கட்டிமணி மூணு உதையைப் பிடிச்சார். மூணு பைனல்லயும் 90 நிமிசத்துக்குள்ள இவங்க தோக்கவே இல்லை.

2023 மார்ச்சில் பெங்களூரு எஃப்சியோட பிளே ஆஃப். சுவர் நிக்க வைக்கிறதுக்குள்ள சேத்ரி ஃப்ரீ கிக்கை உள்ள போட்டுட்டார். கோச் டீமையே வெளிய கூட்டிக்கிட்டுப் போயிட்டார். ஆட்டம் போச்சு, மேல நாலு கோடி அபராதம்.

கணக்குப்பிள்ளை | 17 ஜூன் 2025, மதியம் 12.30

கொச்சி நழுவல் 1/8. டில்லியைப் போட்டுப் பார்த்தப்போ எனக்கே ஆச்சரியம். ஐபிஎல்லில் ஆண்கள் 18 சீசன், ஒரே பைனல், 2020, தோல்வி. பெண்கள் அணி 2023, 2024, 2025 மூணு வருசமும் லீகில் முதலிடம் பிடிச்சு நேரா பைனல். மூணும் தோல்வி. 2024 பைனல் சொந்த டில்லியிலேயே. மொத்தம் நாலு, 1/16. பஃபலோவும் டில்லியும் ஒரே கட்டத்தில் நிக்குது.

சங்ககிரி லாரி | 17 ஜூன் 2025, மதியம் 12.42

டில்லிக்காரன் அழுது யார் பார்த்தா? டில்லி கிரவுண்ட்லயே கோலி பேர் போட்ட சட்டைதான் அதிகம். அழ ஆள் வேணும்ல.

ஐந்துரோடு | 17 ஜூன் 2025, மதியம் 12.55

இது நியாயமான கேள்வி. கணக்கில் இது எங்க வருது பிள்ளை?

கணக்குப்பிள்ளை | 17 ஜூன் 2025, மதியம் 1.20

வராது.

ஏற்காட்டுக் குளிர் | 17 ஜூன் 2025, இரவு 9.15

அழுறதுக்கு ஆள்னா அயர்லாந்தில் மேயோன்னு ஒரு கவுண்டி. ஊர் இல்லை, மாவட்டம்னு வெச்சுக்கோங்க. கேலிக் புட்பால், கடைசி கோப்பை 1951. அதுக்கு அப்புறம் தோத்த பைனல்: 1989, 1996, 1997, 2004, 2006, 2012, 2013, 2016, 2017, 2020, 2021. பதினொண்ணு. 2016ல் முதல் ஆட்டத்தில் தங்கள் வலையிலேயே ரெண்டு கோல் போட்டுக்கிட்டும் டிரா பண்ணி, மறு ஆட்டத்தில் 1 பாயிண்டில் தோத்தாங்க. 2017ல் திரும்ப 1 பாயிண்ட்.

1951ல் ஜெயிச்ச டீம் ஊர்வலமா வந்தப்போ வழியில் ஒரு சாவு ஊர்வலத்துக்கு மரியாதை கொடுக்கலையாம். அந்த டீமில் ஒருத்தர் உயிரோட இருக்கிற வரைக்கும் கோப்பை கிடையாதுன்னு சாபம்னு ஒரு கதை. கடைசியா மிச்சம் இருந்தவர் 2021 செப்டம்பரில் இறந்தார். பதினொண்ணாவது பைனல் முடிஞ்சு ரெண்டே வாரம்.

அம்மாப்பேட்டைத் தறி | 17 ஜூன் 2025, இரவு 9.40

1/2048. என் சேப்பாக்கம் தோத்துடுச்சும்மா. தோக்கிறதுலகூட பைனல்ல தோக்கிறோம்.

வாழப்பாடி எண்ட் | 19 ஜூன் 2025, இரவு 11.00

யாரும் கேக்கலை, ஆனா நம்ம ஊரையும் ஒரு வரி போடுறேன். சேலம் ஸ்பார்ட்டன்ஸ், டிஎன்பிஎல், அதாவது தமிழ்நாடு பிரீமியர் லீக். கப் இன்னும் இல்லை. அது பெரிசில்லை, சின்ன லீக், சின்ன வயசு டீம். ஆனா 2023 ஜூன் 13 அன்னிக்கு உலகம் பூரா சேலம்னு ஒரு பேரைக் கேட்டது எதுக்குன்னு ஞாபகம் இருக்கா?

சேப்பாக் சூப்பர் கில்லீஸ் முதல்ல பேட்டிங். 20வது ஓவர், கடைசிப் பந்து. போடுறது நம்ம கேப்டன் அபிஷேக் தன்வர். முதல்ல போட்டது ஸ்டம்பைத் தகர்த்தது, ஆனா நோ-பால்: 1. திரும்பப் போட்டார், நோ-பால், அதுல சிக்ஸர்: 7. திரும்ப நோ-பால், ஓடி ரெண்டு: 3. அடுத்தது வைட்: 1. கடைசியா ஒழுங்கா ஒரு பந்து விழுந்தது, அதுவும் சிக்ஸர்: 6. கூட்டிப் பாருங்க, 18. ஓவர் கணக்கில் ஒரே பந்து.

இது எப்படி நடக்குதுன்னா, யார்க்கர் போட நினைக்கிறவன் கடைசி அடியை நீட்டுவான். ஓட்டத்தில் அரை அடி தப்பினா முன்கால் கோட்டைத் தாண்டும். ஒரு நோ-பால் விழுந்ததும் ஓட்டத்தைக் கொஞ்சம் பின்னால இருந்து தொடங்கணும். அவசரத்தில் அதே குறியிலிருந்து ஓடினா அதே இடத்தில்தான் கால் விழும். காத்து எதிர்ல அடிச்சா இன்னும் மோசம், அடி சுருங்கும், அதைச் சரிக்கட்ட நீட்டுவான், திரும்பக் கோடு தாண்டும்.

சங்ககிரி லாரி | 20 ஜூன் 2025, காலை 5.50

ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு தடவை சுவத்துல இடிச்சா, இறங்கிப் பார்த்துட்டுத்தான் மறுபடி எடுக்கணும். அதேதான்.

அம்மாப்பேட்டைத் தறி | 20 ஜூன் 2025, காலை 10.15

சேலத்துக்காரன் டீமுக்கு அழுறதில்லை. இங்கேருந்து பெங்களூரு 200 கிலோமீட்டர், சென்னை 340. பாதிப் பேர் அங்கே, பாதிப் பேர் இங்கே, எதுவும் நம்மளுது இல்லை. நம்ம ஆளுன்னா நடராஜன், மாரியப்பன்.

சின்னப்பம்பட்டி நடராஜன் ஆஸ்திரேலியாவுக்கு வலைப் பந்து போடப் போனவர். 2020 டிசம்பர் 2ல் ஒருநாள், 4ல் டி20, 2021 ஜனவரி 15ல் பிரிஸ்பேனில் டெஸ்ட். 44 நாளில் மூணு வடிவத்திலும் அறிமுகம். ஒரே சுற்றுப்பயணத்தில் அப்படி இறங்கின முதல் இந்தியர். முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட் வேற. அப்புறம் முழங்கால் அறுவை சிகிச்சை. இந்தியாவுக்கு ஆடினது மொத்தம் 1 டெஸ்ட், 2 ஒருநாள், 4 டி20. கடைசி 2021 மார்ச். இதை வறட்சின்னு சொல்றதா, நழுவல்னு சொல்றதா?

பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016 ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். டோக்கியோவில் கொடி பிடிக்க வேண்டியவர், கொரோனா தொற்று இருந்தவர் பக்கத்தில் இருந்தார்னு தனிமைப்படுத்திட்டாங்க. கொடி வேற ஆள் கைக்குப் போச்சு. போட்டி அன்னிக்கு மழை. பாதிப்புள்ள காலில் போட்டிருந்த சாக்ஸ் நனைஞ்சு, அதோடவே ஓடி உந்த வேண்டியதாச்சு. 1.86, வெள்ளி. தங்கம் வாங்கினவர் 1.88. ரெண்டு சென்டிமீட்டர். ரெண்டு விரல் தடிமன் இருக்குமா?

ஐந்துரோடு | 20 ஜூன் 2025, காலை 10.40

வெள்ளி வாங்கினதை அழுகைக் கணக்கில் போடக் கூடாதுண்ணே. பாரிஸ்ல வெண்கலமும் வாங்கினார். மூணு பாராலிம்பிக், மூணு பதக்கம்.

அம்மாப்பேட்டைத் தறி | 20 ஜூன் 2025, காலை 10.52

சரி, எடுத்துடறேன். சாக்ஸை மட்டும் விட்டுடு.

கணக்குப்பிள்ளை | 22 ஜூன் 2025, இரவு 7.30

ஒரு விசயம். ஜூன் 4 ஆர்சிபி கொண்டாட்ட நெரிசலில் சின்னசாமி வாசல்ல போன 11 உயிரைப் பத்தி யாரும் இங்கே எழுதலை. நல்லதுதான். 1980 ஆகஸ்ட் 16 ஈடனில் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் ஆட்டத்தில் 16 பேர், இங்கிலாந்தில் ஹில்ஸ்பரோ புட்பால் மைதானத்தில் 97 பேர். இதெல்லாம் இந்தப் பட்டியலுக்கு வெளிய இருக்கட்டும்.

சங்ககிரி லாரி | 22 ஜூன் 2025, இரவு 7.48

ஆமா.

ஏற்காட்டுக் குளிர் | 24 ஜூன் 2025, காலை 8.10

தென்னாப்பிரிக்காவை நாடுன்னு ஒதுக்கிட்டீங்க. ஆனா நழுவல்ங்கிற சொல்லுக்கு 1999 உலகக் கோப்பை அரையிறுதி, எட்ஜ்பாஸ்டனில் ஆஸ்திரேலியாகிட்ட ஆடினதை விட்டா வேற உதாரணம் எனக்குத் தெரியலை. கடைசி ஓவர், 9 ரன் வேணும், கடைசி விக்கெட். குளூஸ்னர் முதல் ரெண்டு பந்தையும் பவுண்டரிக்கு அனுப்பிட்டார். ஸ்கோர் சமன், 4 பந்தில் 1 ரன்.

மூணாவது பந்தில் டொனால்ட் ரொம்ப முன்னால ஏறி வந்துட்டார். லேமன் எறிஞ்சது குறி தவறினதால தப்பிச்சார். எல்லாரும் நாலாவது பந்தை மட்டும் பேசுவாங்க, கோளாறு மூணாவதில் இருக்கு. அந்தப் பயத்தில் நாலாவது பந்துக்கு அவர் கோட்டை விட்டு நகரலை, பந்தையே பார்த்துக்கிட்டு நின்னார். குளூஸ்னர் பாதி ஆடுகளம் தாண்டி எதிர்ல வந்தாச்சு. இவர் திரும்பினப்போ மட்டையும் கை நழுவிடுச்சு. ரன் அவுட், டை. அரையிறுதிக்கு முந்தின சூப்பர் சிக்ஸ் சுற்றுப் பட்டியலில் ஆஸ்திரேலியா மேல இருந்ததால அவங்க பைனலுக்குப் போனாங்க.

கணக்குப்பிள்ளை | 24 ஜூன் 2025, காலை 9.00

1992 உலகக் கோப்பை அரையிறுதியையும் சேருங்க, இங்கிலாந்துகிட்ட தோத்தது. 13 பந்தில் 22 வேணும்னு இருந்தப்போ மழை. அன்னிக்கு விதி என்னன்னா, ரெண்டாவது ஆடுறவங்களுக்கு எத்தனை ஓவர் குறையுதோ, முதல்ல ஆடினவங்க குறைச்சலா அடிச்ச அத்தனை ஓவரைக் கழிக்கிறது. தென்னாப்பிரிக்காவோட பிரிங்கிள் மெய்டன் போட்டு வெச்சிருந்தார். அதனால ரெண்டு ஓவர் போனதும் இலக்கில் குறைஞ்சது ஒரே ரன். பலகையில் 1 பந்தில் 22னு வந்தது, சரியான எண் 21. நல்லாப் பந்து போட்டதுக்குக் கிடைச்ச தண்டனை.

ஐந்துரோடு | 24 ஜூன் 2025, காலை 9.12

நாடு வேண்டாம்னு தலைப்புக்குக் கீழேயே எழுதியிருக்கேன்ங்க. இப்போதைக்கு மேயோவுக்கு முன்னணி. ஆனா அது மாவட்டம். ஊர்னா கொச்சியா பஃபலோவான்னு இழுத்துக்கிட்டு நிக்குது.

ஏற்காட்டுக் குளிர் | 3 நவம்பர் 2025, காலை 6.30

இழையைத் தோண்டி எடுக்கிறேன். நேத்து ஞாயித்துக்கிழமை ஒரே நாளில் ரெண்டு நடந்தது.

காலையில டொரண்டோ. பேஸ்பால் உலகத் தொடர், ஏழாவது ஆட்டம். 9வது இன்னிங்ஸில் புளூ ஜேஸ் 4-3 முன்னிலை, இன்னும் ரெண்டு அவுட் எடுத்தா 1993க்கு அப்புறம் கோப்பை. டாட்ஜர்ஸோட ரோஹாஸ் ஒரு ஹோம் ரன், சமன். திரும்ப டொரண்டோ முறை. மூணு பேஸிலும் ஆள், ஒரு அவுட். மூணாவது பேஸில் இருக்கிறவர் வீடு, அதாவது அடிக்கிறவர் நிக்கிற தட்டு, வந்து சேர்ந்தா போதும். தரையோட ஒரு அடி, ரோஹாஸ் தடுமாறிப் பிடிச்சு வீட்டுக்கு எறிஞ்சார். மூணு பேஸும் நிறைஞ்சிருக்கிறப்போ ஓடி வர்றவரைத் தொட வேண்டாம், கேட்சர் பந்தோட தட்டை மிதிச்சாப் போதும். ஓடி வந்தவர் சில அங்குலத்தில் அவுட். காரணம் என்னன்னா, பந்து போடுறதுக்கு முன்னாடி அவர் பேஸை விட்டு ரொம்பக் கொஞ்சம்தான் விலகி நின்னார். ரொம்ப விலகினா, அடிச்ச பந்து நேரா ஃபீல்டர் கையில் விழுந்தா திரும்ப ஓடிப் பேஸைத் தொட முடியாது, ரெண்டு அவுட். அந்தப் பயம். 11வது இன்னிங்ஸில் 5-4னு தோத்தாங்க.

டொனால்டை எடுத்து மறுபடி படிங்க. அதே ஒரு அடிதான்.

ராத்திரி நவி மும்பை, பெண்கள் உலகக் கோப்பை பைனல். நம்ம பெண்கள் 298, தென்னாப்பிரிக்கா 246. அவங்க கேப்டன் வோல்வார்ட் 101ல் இருந்தப்போ தூக்கி அடிச்ச பந்து அமன்ஜோத் கையில் பட்டுத் துள்ளிச்சு, திரும்பத் துள்ளிச்சு, மூணாவது தடவைதான் நின்னது. 2023 டி20 பைனல், 2024 டி20 பைனல், இப்போ இது. வரிசையா மூணு உலகக் கோப்பை பைனல் தோல்வி அவங்களுக்கு.

கணக்குப்பிள்ளை | 3 நவம்பர் 2025, காலை 7.05

டொரண்டோவை வரிசையில் சேர்க்க முடியாதும்மா. 2019ல் அவங்க பாஸ்கெட்பால் டீம் கப் வாங்கியிருக்கு. ஹாக்கி மட்டும் 1967லிருந்து இல்லை.

அம்மாப்பேட்டைத் தறி | 3 நவம்பர் 2025, காலை 7.40

நாம ஜெயிச்ச ராத்திரியில் எதிராளிக்கு எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கிற ஆளுங்க நாம மட்டும்தான்.

சங்ககிரி லாரி | 3 நவம்பர் 2025, காலை 7.44

தட்டுவடை செட் யாருக்குன்னு அஞ்சு மாசமா சொல்லலை.

ஐந்துரோடு | 3 நவம்பர் 2025, காலை 8.15

ஏற்காட்டு அக்காவுக்கு. பெனால்டியில் ரெண்டு, இஞ்சுரி டைமில் ஒண்ணு. கொச்சின்னு ஒத்துக்கிறேன். மலையிலேருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வாங்கக்கா, பீட்ரூட் துருவல் தூக்கலாப் போடச் சொல்றேன்.

வாழப்பாடி எண்ட் | 3 நவம்பர் 2025, காலை 8.31

ஒரு திருத்தம். 1992ல் பலகையில் முதல்ல வந்தது 7 பந்தில் 22. அப்புறம்தான் 1 பந்தில் 22 ஆச்சு. ஜூன்லேயே எழுதணும்னு நினைச்சேன், விட்டுப்போச்சு.